அப்பாவின் 'தி'

அப்பா மறைந்தபின் அவருடைய நூல்களைப் பட்டியலிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நூல்கள் ஊரில் இருந்தன. அவர் நீல மையில் எழுதிவைத்த பேரேடு மட்டும் சென்னையில் என் மேசைமேல். அதை எக்செலில் ஏற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும் என்று எண்ணினேன்.

முதல் நாளே தகராறு. அலமாரித் தட்டுகளுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இட்டிருந்தார் அப்பா. மூன்றாம் தட்டு நூல்களுக்கு எதிரே எல்லாம் பதிப்புரிமைக் குறி வந்து அமர்ந்தது. இரண்டாம் தொகுதி, மூன்றாம் பாகம் என்பதற்கு 2-3 என்று அடித்தால் மார்ச் 2 ஆயிற்று. 2024-இல் அடித்ததால், தேதி வடிவத்தை நீக்கியபோது 45353 என்றோர் எண் நின்றது. நான் அடித்தது எங்குமே இல்லை. முன்னது தானியங்கித் திருத்தம். அதன் பட்டியலில் அந்த வரியை நீக்கினால் தீர்ந்தது. பின்னது வேறு சங்கதி. அடிக்குமுன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். (இந்தத் தொல்லைக்கு அஞ்சியே 2020-இல் 'மார்ச் 1' போன்ற மனித மரபணுக் குறிகளை அறிவியலாளர்கள் மாற்றிக்கொண்டார்கள். நான் எம்மாத்திரம்!)

பட்டியலில் நாமும் சொற்களைச் சேர்க்கலாம் என்று அறிந்ததும் ஆசை பற்றிக்கொண்டது. 'உவேசா' என்றடித்து இடைவெளி விட்டால் 'உ. வே. சாமிநாதையர்' என்று விரிந்தது. பேரேட்டில் பல நூல்களுக்கு எதிரே 'தி' என்றிருந்தது. இரவல் போய்த் 'திரும்பவில்லை' என்று கொண்டு, அதையும் சேர்த்தேன். சற்று நேரத்தில் 'திரும்பவில்லை. ஜானகிராமன்' என்று வந்து நின்றபோது சிரித்துவிட்டு, அதை மட்டும் மீட்டுக்கொண்டேன். அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

திரும்பாதவை நாற்பதுக்கும் மேல் சேர்ந்தன. ஒரு பழைய இலக்கண நூலை அப்பாவின் நண்பர் ஒருவர் வாங்கிச் சென்றது நினைவுக்கு வர, தொலைபேசியில் கேட்டுவிட்டேன். "அப்பவே குடுத்துட்டேனே தம்பி" என்றார். குரலில் சிறு தடுமாற்றம். நான் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். அந்நூல் இரண்டாம் தட்டிலேயே இருந்தது. முகப்பில் பென்சிலால் 'தி'. உள்ளே பக்கந்தோறும் அச்சுப்பிழைகள் களையப்பட்டிருந்தன: ரகரத்தின்மேல் றகரம், விடுபட்ட ஒற்று, ஓரத்தில் பொடி எழுத்தில் சரியான பாடம். மற்றவையும் அப்படியே. 'திருத்தியது' என்பதைத்தான் அப்பா சுருக்கியிருக்கிறார்.

திருத்தப் பட்டியலிலிருந்து என் வரியை நீக்கினேன். ஆனால் ஏற்கெனவே அடித்தவற்றை அது தொடுவதில்லை. ஒவ்வொரு கட்டமாகப் போய், நூலை எடுத்துப் பார்த்து, 'தி' என்றே மீண்டும் அடித்தேன். மாலையில் அந்த இலக்கண நூலை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்கு நடந்தேன்.