சுபாங்கிலிருந்து ஒரு மணி நேரம்

காலை 5.30க்குக் கிள்ளானில் வீட்டுக் கதவைப் பூட்டுவேன். 6 மணிக்குச் சுபாங் ஸ்கைபார்க் முனையத்தில் இருப்பேன். தே தாரிக் ஆறுவதற்குள் பரிசோதனை முடிந்துவிடும். விடிந்தும் விடியாமலும் ஓடுபாதை ஓரத்தில் நடந்து, விமானத்தின் பின்கதவுப் படியில் ஏறி உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் பினாங்கு.

2019 மார்ச் தொடங்கி மூன்று மாதம் என் வெள்ளிக்கிழமைகள் இப்படித்தான் போயின. அப்பாவுக்கு இனிப்புநீர். வலது காலில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். வாரா வாரம் தீவில் உள்ள மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். அவர் நிபோங் திபாலில் தனியாக இருக்கிறார். அம்மா தவறி ஆறு வருடமாகிறது. சித்தப்பா மகன் அவரைக் காரில் ஏற்றி, இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குக் கொண்டுவருவான். நான் விமான நிலையத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போவேன். மாலை 4 மணிக்கு மீண்டும் வானொலி நிலையத்தில் ஒலிவாங்கி முன் நான் உட்கார்ந்தாக வேண்டும்.

“கிள்ளானுக்கு வந்துடுங்கப்பா” என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. “நீதான் காலையில வந்து மத்தியானம் போயிடுறியே பாப்பா, நான் எதுக்கு அங்க வரணும்?” என்பார். அவர் சொந்த ஊரிலேயே இருக்க முடிந்தது ஒரு விமான அட்டவணையால்தான். அதனால்தான் அந்த அட்டவணையைப் பற்றி எழுதுகிறேன்.

ஃபயர்பிளை பறக்கத் தொடங்கியது 2007 ஏப்ரல் 3ஆம் தேதி. மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். முதலில் பினாங்கைத் தளமாக வைத்து, 50 பேர் அமரும் ஃபோக்கர் விமானங்களுடன் ஆரம்பித்தார்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஏர் ஆசியா ஜெட் விமானத்தில் மலிவாகப் பறக்க முடிகிற காலத்தில், விசிறி சுழலும் விமானத்தில் யார் ஏறுவார்கள் என்று நண்பர்களோடு சிரித்தது நினைவிருக்கிறது. (இப்போது அந்த நண்பர்களில் இருவரை அடிக்கடி சுபாங்கில் பார்க்கிறேன்.)

அதே ஆண்டு அவர்கள் சுபாங்குக்கு வந்தார்கள். நம்மில் பலருக்குச் சுபாங் வெறும் விமான நிலையம் அல்ல. 1965இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய நிலையத்தில்தான் மெட்ராஸுக்குப் போகிற அத்தையையும் மாமாவையும் வேன் பிடித்துப் போய் வழியனுப்பினோம். 1998இல் கேஎல்ஐஏ திறந்ததும் பெரிய விமானங்கள் எல்லாம் சிப்பாங்குக்குப் போய்விட்டன. பழைய முதல் முனையத்தை இடித்துவிட்டார்கள். மூன்றாவது முனையம்தான் புதுப்பிக்கப்பட்டு, 2009இல் ஸ்கைபார்க் என்ற பெயரோடு திறந்தது. பயணிகள் சேவைக்கு அங்கே விசிறி விமானம் மட்டுமே என்பது அப்போதைய ஏற்பாடு. ஃபயர்பிளைக்கு அதுவே வசதியாகப் போனது, ஜெட் வைத்திருந்தவர்கள் அங்கே போட்டிக்கு வர முடியவில்லை.

விசிறி விமானம் மெதுவாகப் போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது ஓடும் ஏடிஆர் 72இன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஜெட் அதைவிட வெகுவேகம். ஆனால் பினாங்கு போன்ற குறுகிய தூரத்தில் ஜெட் உயரே ஏறி முழு வேகம் எடுப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. மிச்சமாவது சில நிமிடங்கள்தான். குறைந்த தூரத்தில் எரிபொருள் செலவும் ஏடிஆருக்குக் குறைவு. அதோடு 72 இருக்கை என்பதால், சிறிய ஊர்களுக்குக்கூட ஒரு நாளைக்குப் பல தடவை பறந்து இடத்தை நிரப்ப முடிகிறது. நூற்றெண்பது இருக்கை உள்ள விமானத்தைப் பகலில் ஒரு தடவை அனுப்புவதைவிட, சின்ன விமானத்தைக் காலை, மதியம், மாலை என்று அனுப்புவதுதான் வேலைக்குப் போகிறவனுக்கு உதவும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஓர் அண்ணன். ஷா ஆலாமில் சின்னப் பட்டறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரிபாகம் செய்து தருகிறார். என் குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, “சாயங்காலம் நீங்கதானம்மா பேசுறது?” என்று ஆரம்பித்தார்.

“கார்ல போனா போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு. ராத்திரி அங்கயே தங்கணும். ஹோட்டல், சாப்பாடு, மறுநாள் பட்டறையில ஆள் இல்ல. இதுல போனா காலையில பொருளைக் காட்டி, மத்தியானம் பேசி முடிச்சு, ராத்திரி வீட்ல சாப்பிடுறேன். டிக்கெட் விலைய மட்டும் பாத்தா கணக்கு சரியா வராதும்மா” என்றார்.

நியாயம்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது, இன்டெல் அப்போதே வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். சுபாங்கைச் சுற்றி ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான். இரண்டு முனையிலும் தொழிற்சாலை வாசலுக்குப் பக்கத்தில் ஓடுபாதை. அந்தக் காலை விமானத்தில் பெரிய பெட்டி தூக்கி வருபவர்கள் குறைவு, கணினிப் பையோடு வருபவர்கள்தான் அதிகம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏவுக்கு விரைவு ரயில் 28 நிமிடத்தில் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் கிள்ளான்காரர் முதலில் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர வேண்டுமே!

இந்த நிறுவனம் ஒரு தடவை தன் வழியை விட்டு விலகிப் பார்த்தது. 2011 தொடக்கத்தில் போயிங் 737 விமானங்களைக் கொண்டு கேஎல்ஐஏவிலிருந்து சபா, சரவாக்குக்குப் பறந்தார்கள். அதே ஆண்டு மலேசியா ஏர்லைன்ஸும் ஏர் ஆசியாவும் பங்குகளை மாற்றிக்கொண்ட பிறகு அந்த ஜெட் சேவை நின்றது. பெரியவர்களின் ஆட்டத்தில் சிறியவர் மாட்டிக்கொண்டார் என்பார்கள். என்னைக் கேட்டால், மீண்டும் ஏடிஆருக்கே திரும்பியதில் பயணிகளுக்கு நட்டமில்லை.

அப்போது எல்லோரும் கவனித்த தடம் சிங்கப்பூர். 2018 டிசம்பர் 1ஆம் தேதியோடு ஃபயர்பிளையின் சிங்கப்பூர்ச் சேவை நின்றுபோனது. சாங்கியிலிருந்து சிலேத்தாருக்கு மாறுவதாக இருந்தார்கள், ஆனால் சிலேத்தாரில் தரையிறங்கும் முறை பாசிர் கூடாங்கின் கட்டட உயரத்தைப் பாதிக்கும் என்று மலேசியா எதிர்த்தது. இரு அரசாங்கங்களும் பேசித் தீர்த்து, 2019 ஏப்ரல் 22இல் சுபாங்கிலிருந்து முதல் விமானம் சிலேத்தாரில் இறங்கியது.

மே மாதம் ஒரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க அதில் போனேன். 1920களில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் அது. புதிய முனையம் 2018 நவம்பரில்தான் திறந்தது. விமானத்திலிருந்து டாக்சி நிற்கும் இடம் வரை நடந்த தூரம், சாங்கியில் கழிவறை தேடி நடக்கும் தூரம்கூட இருக்காது. பக்கத்தில் ஜாலான் காயு. நம் கடைகளில் சுடச்சுடப் பரோட்டா. குறையும் உண்டு. எம்ஆர்டி அங்கே இல்லை. அங்கிருந்து வேறு நாட்டு விமானம் மாற நினைப்பவர் சாங்கிக்குப் போக வேண்டும். சிங்கப்பூரிலேயே வேலையை முடித்துத் திரும்புகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தடம் சரிப்படும். அப்படிப்பட்டவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்பதில்தான் இதன் எதிர்காலம் இருந்தது. என் விமானத்தில் காலி இருக்கைகள் இருந்தன. புதுத்தடம், மாதம் ஒன்றுதான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக ஏறுகிறவர்களுக்கு ஒன்று: பின்வரிசை கேளுங்கள். கதவு பின்னால்தான், ஏறவும் இறங்கவும் சுலபம், விசிறிச் சத்தமும் குறைவு. பிற்பகல் மழையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சுபாங்கில் இடியும் மழையுமாக, இறங்க முடியாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். டாக்சியில் ஏறியபோது வானொலியில் என் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, வேறொருவர் குரலில். டாக்சி ஓட்டுநர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ராத்திரியே அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கி உட்காரவைத்து எனக்குப் போன் செய்தபோது மணி 11. காலை விமானம் வரை காத்திருக்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் “எதுக்கு அங்க வரணும்” என்று கேட்கவில்லை.

ஜூன் மாதம் அவரை அழைத்துவந்தேன். அப்பா லாரி ஓட்டியவர். பட்டர்வொர்த்துக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவில் முப்பது வருடம் ராத்திரிப் பயணம். விமானத்தில் ஏறியதே இல்லை. முந்தின நாள் மாலை கிரியான் ஆற்றங்கரைக்குக் காரில் அழைத்துப்போகச் சொன்னார். அங்கே மரங்களில் மின்மினி நிறைய. ‘ஃபயர்பிளை’ என்றாலும் மின்மினிதான் என்று சொன்னேன். “ஓ, அதான் பேரா” என்றார்.

படி ஏறத்தான் நேரமெடுத்தது. கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. பின்னால் நின்றவர்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை. இடதுபுறம் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். மேலே ஏறியதும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலையைத் தேடுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் மேகம் மூடிவிட்டது.

“தாப்பா தாண்டிட்டோமா?” என்று கேட்டார்.

விமானம் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. “தாண்டிட்டோம்பா” என்றேன்.