எத்தனை மணி நேரப் பயணம்?



சென்ற மாதம் நமது வகுப்பில் ஊர்ப் பெயர்களை எழுதப் பழக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, "ஐயா, உங்கள் ஊருக்கு விமானத்தில் போக எத்தனை மணி நேரம் எடுக்கும்?" என்று வினவினாள். யாழ்ப்பாணத்தில் பத்து ஆண்டுகள் கணிதமும் புவியியலும் கற்பித்தவன் நான். அவ்வினாவை விட மனம் வரவில்லை.

உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்தோம். நூலின் ஒரு நுனியை நியூவார்க்கிலும் மறுநுனியைப் பலாலியிலும் வைத்து இறுக்கிப் பிடித்தோம். தட்டையான தேசப்படத்தில் அட்லாண்டிக் கடலை நேர் கிழக்காகக் கடப்பதே குறுக்குவழி போலத் தோன்றும். நூலோ வடக்கே ஏறி, கிரீன்லாந்தின் தென்பகுதியைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, சுவீடன், ரஷ்யா வழியாகத் தெற்கே இறங்கியது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுவே. தூரம் ஏறக்குறைய 13,800 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகமெனில், 15 மணி 20 நிமிடம். மாணவர்கள் பிழையின்றிக் கணக்கிட்டார்கள்.

ஆனால் அவ்வாறு நேரே செல்லும் விமானம் இல்லை. பலாலியில் சிறு விமானங்களே இறங்குகின்றன. சென்னை வரை சென்று, அங்கிருந்து வேறு விமானம் ஏற வேண்டும். அந்த வழி புதிதன்று. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் போர் அவ்வழியை அடைத்தது. 2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

பலாலி திறந்த செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் என் அம்மா. "தம்பி, வெளிநாட்டு விமானம் இப்ப எங்கட பலாலியிலேயே இறங்குதாம். நீ எப்ப வாறாய்?" என்று கேட்டார். அகதியாக அடைக்கலம் பெற்றவன், தான் தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றால், பெற்ற பாதுகாப்பே கேள்விக்குள்ளாகலாம். அதை அவருக்கு விளக்க நா எழவில்லை. "பார்ப்பம், அம்மா" என்றேன்.

அந்த டிசெம்பரிலேயே அவர் காலமானார். அங்கு காலை பத்தரை மணிக்குப் பூதவுடலை எடுத்தார்கள். இங்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி. கைத்தொலைபேசியின் சிறு திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2010இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட நான் நியூவார்க்கில் வந்திறங்கியது 2013இல். வருவதற்கு மூன்று ஆண்டுகள் சென்றன. திரும்பிப் போவதற்கான காலத்தை எந்த நூலாலும் அளக்க இயலவில்லை.

"ஐயா, விடையாக எதை எழுதுவது?" என்று அம்மாணவி மீண்டும் கேட்டாள். "15 மணி 20 நிமிடம்" என்றே எழுதச் சொன்னேன். கணக்குச் சரியானதுதானே.

பெற்றோர்களே, ஊருக்குப் போய்வர இயன்றவர்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, விமானத்தைவிட்டு இறங்கியதும் பாட்டியோடும் அம்மம்மாவோடும் அவர்கள் மொழியிலேயே பேசுங்கள். அதற்காகவே ஞாயிறுதோறும் இங்கு கூடுகிறோம்.