பாட்டிலில் பிழைப்பது தொட்டியில் ஏன் சாகிறது?

மணி பிளான்ட் கொடியில் ஒரு துண்டை வெட்டி, பழைய கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கிறது. அதே கொடியின் இன்னொரு துண்டைத் தொட்டியில் நட்டு தினமும் ஒரு சொம்பு ஊற்றினால், மழைக்காலம் முடிவதற்குள் அடியோடு அழுகிப்போகிறது. காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு." பாட்டிலில் இருப்பதும் முழுக்கத் தண்ணீர்தானே?

இந்தக் கேள்வியை என்னிடம் போட்டவர் மாடி வீட்டு அக்கா. அவர் வீட்டு வரவேற்பறையில் இருந்த தொட்டிச் செடியின் இலைகள் துவண்டு தொங்கின. அடி இலைகள் மஞ்சள். வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். விரலை விட்டுப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருந்தது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறதென்றால் வேரைப் பார்த்துவிட வேண்டும். தொட்டியைக் கவிழ்த்தோம். சாக்கடை வாடை. நல்ல வேர் வெள்ளையாக, நகத்தால் கீறினால் விறைப்பாக இருக்கும். இங்கே பழுப்பு வேர் ஒன்றைப் பிடித்து இழுத்ததும் மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி நடுநரம்பு மட்டும் மிஞ்சியது.

"ஃபங்கஸ்தான் சார். கார்பன்டசிம் கலந்து ஊத்துங்க, சரியாயிடும்" என்றார் நர்சரிக்காரர். அக்கா ஏற்கெனவே ஊற்றியிருந்தார். சரியாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதில்தான் என் தேடல் உருப்படியாகத் தொடங்கியது.

தோல் உருவி நூல் மிஞ்சும் அழுகலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பித்தியம் என்ற உயிரி. ஜெர்மானியத் தாவரவியலாளர் நத்தனியேல் பிரிங்ஸ்ஹைம் 1858இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். வெகுகாலம் அதைப் பூஞ்சை என்றே எண்ணியிருந்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், மெல்லிய இழை இழையாக. ஆனால் பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும். இதற்கோ முக்கியமாக குளூக்கன்களும் செல்லுலோஸும். இதன் உறவுமுறை கடலில் வளரும் பழுப்புப் பாசிகளோடு. ஊமைசீட் என்று தனிக் கூட்டமாகப் பிரித்துவிட்டார்கள். பூஞ்சையின் செல் பிரிவதைத் தடுக்கும் கார்பன்டசிமுக்கு இந்தக் கூட்டம் மசியாது. ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற நிஜப் பூஞ்சைகளும் வேரை அழுகவைக்கும், அங்கே அந்த மருந்துக்கு ஓரளவு வேலை உண்டு. எது எது என்று வெறுங்கண்ணால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே எல்லா அழுகலுக்கும் ஒரே பொடி என்பது குருட்டு வைத்தியம்.

பித்தியம் பற்றித் தேடியவன் பிகாரில் போய் நின்றேன். அந்த உயிரியின் பேரினத்தைப் பற்றிய விரிவான நூல் ஒன்று 1907இல் இந்திய வேளாண் துறை வெளியீடாக வந்திருக்கிறது. எழுதியவர் எட்வின் ஜான் பட்லர், பிகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பூஞ்சையியலாளர். கோதாவரிப் படுகையில் பனைகளின் குருத்தை அழுகவைத்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த நோயை ஆராய்ந்தவரும் அவரே. அதன் உயிரிக்கு அவர் வைத்த பெயர் பின்னாளில் பைட்டாப்தோரா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பித்தியத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. நம் கொடிக்கால்களில் வெற்றிலையை வாடவைப்பதும் மிளகுக் கொடியைக் கொல்வதும் அதே பைட்டாப்தோரா வகையறா.

பட்லர் 1874இல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சம் புரட்டிப்போட்ட மண். பத்து லட்சம் பேர் மாண்ட அந்தப் பஞ்சத்துக்கு வித்திட்டதும் ஒரு பைட்டாப்தோராதான். அதைப் பற்றிப் படிக்கப் போனால், அக்கா கேட்ட கேள்வியே அங்கே பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. 1845 கோடையில் ஓயாத மழை, குளிர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியரும் தோட்டக்கலை இதழொன்றின் ஆசிரியருமான ஜான் லிண்ட்லி, செடிகள் அளவுக்கு மீறி நீரைக் குடித்து, வெளியேற்ற முடியாமல் அழுகுகின்றன என்றார். மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார் இலைக்கு அடியில் படர்ந்த வெண்படலத்தைப் பார்த்துவிட்டு, இந்த நுண்ணுயிர்தான் காரணம் என்று 1846இல் எழுதினார். அழுகிய செடியில் பின்னால் வந்து குடியேறியதைக் கொலைகாரன் என்கிறீர்களே என்று எதிர்த்தரப்பு மடக்கியது. 1860களின் தொடக்கத்தில் அன்டன் டி பாரி சோதனை செய்து காட்டிய பிறகே பெர்க்லி பக்கம் தீர்ப்பானது.

உருளைக்கிழங்கில் லிண்ட்லி தோற்றது நியாயம். தொட்டி விஷயத்தில் அவரை முழுதாகத் தோற்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொண்டால், ஆக்சிஜன் அதன் வழியே நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துவிடுகிறது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றபடியே செடி வாடுகிறது. ஆக்சிஜன் இல்லாத வேர் நொதித்தலுக்கு மாறி எத்தனாலைக் கசியவிடுகிறது. மண்ணில் பித்தியமும் பைட்டாப்தோராவும் வெளிவிடும் விந்தணு போன்ற வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. நீர்ப்படலம் கிடைத்தால் நீந்தும். வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலமும் அவற்றை இழுக்கின்றன. இந்தக் குடும்பத்து வித்துகள் சில எத்தனாலை நோக்கியும் நீந்துவதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தண்ணீர் வேரைத் திணறடிக்கிறது, திணறும் வேர் எதிரிக்குத் தாக்கல் அனுப்புகிறது, அந்த எதிரி வரும் பாதையும் அதே தண்ணீர்தான். லிண்ட்லி, பெர்க்லி இருவரையும் ஒரே தொட்டிக்குள் உட்காரவைத்துவிடலாம் போலிருந்தது.

பாட்டில் பிழைத்த காரணம் இப்போது புரிந்தது. தண்ணீருக்குள்ளேயே முளைத்த வேர் அந்தச் சூழலுக்கு ஏற்ற உடம்போடு வருகிறது. சேற்றில் நிற்கும் நெல்லின் வேரில் காற்று ஓடும் இடைவெளிகள் இருப்பதை விவசாயம் படித்தவர்கள் அறிவார்கள். பாட்டில் நீரில் ஆக்சிஜனைத் தின்று தீர்க்க மக்கும் உரமும் இல்லை, அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் இல்லை. அவ்வப்போது தண்ணீரை மாற்றவும் செய்கிறோம்.

சரி, தொட்டிக்குள் பித்தியம் எப்படி நுழைந்தது? பெரும்பாலும் மண்ணோடும் கழுவாத பழைய தொட்டியோடும் வரும். ஈரத் தொட்டியைச் சுற்றிப் பறக்கும் கொசு போன்ற குட்டிப் பூச்சிகளின் புழுக்களும் சுமந்து வரக்கூடும். அக்காவின் செடியை நர்சரியிலிருந்து வந்தபடியே, முழுக்க தென்னை நார்க்கழிவில், அழகுத் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவியும் இந்தக் கோகோபீட் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மேலே காய்ந்து வெளிறிக் கிடக்கும், அடியில் ஊறிக்கொண்டிருக்கும். மேற்பரப்பைப் பார்த்து ஊற்றுகிறவர் ஏமாறத்தான் வேண்டும். போதாததற்கு அந்த அழகுத் தொட்டிக்கு அடியில் துளையே இல்லை. துளையில்லாத தொட்டியை விற்பதை நான் ஒருவித மோசடியாகவே பார்க்கிறேன்.

வைத்தியம் சிக்கலில்லை. வேரைக் குழாயடியில் கழுவி, அழுகியதையெல்லாம் வெள்ளைப் பகுதி வரும்வரை வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தோம். வேர் குறைந்துவிட்டதால் இலைகளிலும் பாதியைக் கழித்தோம். செம்மண், ஆற்றுமணல், கொஞ்சம் மண்புழு உரம், கொஞ்சமே கோகோபீட் கலந்து, துளையுள்ள சிறிய மண்தொட்டியில் நட்டோம். பெரிய தொட்டி வேண்டாம், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். தளிர் வரும்வரை உரம் கூடாது. மெட்டலாக்ஸில் என்ற மருந்து ஊமைசீட் கூட்டத்துக்கென்றே வந்தது. ஒரு வீட்டுத் தொட்டிக்கு அதை வாங்குவது எனக்கு உவப்பில்லை. டிரைக்கோடெர்மா விரிடி பொடியை மண்புழு உரத்தோடு கலந்து வைத்தோம். அது நோய் வராமல் காக்கத்தான். அழுகிய வேரை அது மீட்காது. செடி பிழைக்காவிட்டாலும் இருக்கட்டும் என்று அழுகாத தண்டில் கணுவோடு இரண்டு துண்டு வெட்டிக்கொண்டோம்.

மிஞ்சிய பழைய மண்ணை என்ன செய்வது என்று பார்த்தபோது, "வீணாப் போகுதே தம்பி, ரோஜாத் தொட்டில கொட்டிடவா?" என்றார் அக்கா.

"வேண்டாங்க்கா. பித்தியத்தோட முட்டை மாதிரி வித்து தடிச்ச தோலோட வருஷக்கணக்குல மண்ணுல கிடக்கும்."

"அப்ப குப்பைக்கா?"

ஒரு வழி இருந்தது. ஈரமாக்கிய மண்ணைக் கண்ணாடி போன்ற பாலித்தீனில் காற்றுப் புகாமல் மூடி, சில வாரம் கடும் வெயிலில் போட்டால் சூட்டில் பெரும்பாலானவை செத்துவிடும். இஸ்ரேலில் 1970களில் வயல்களுக்குச் செய்து பார்த்த முறை இது. அக்கா பையைக் கட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார். கத்திரி தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன.