பட்டாசுக்கு அப்பால் ஒரு வேலை

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்த பிறகு, பிள்ளைகளுக்கு வேறு தொழில் வேண்டும் என்று சிவகாசி வட்டாரத்துப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் அதற்கு நல்ல பாதை என்றே நினைக்கிறேன். ஆனால் சான்றிதழை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சிசிஎன்ஏ தேர்வுக்கு மனப்பாடம் செய்த விடைகள் இணைப்பு அறுந்த இரவில் உதவாது. ஐபி முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு, ரூட்டர் ஒரு வழியை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்ற தெளிவு, கேபிளிலிருந்து டிஎன்எஸ் வரை ஒவ்வொரு அடுக்காகச் சோதிக்கும் பொறுமை, இவைதான் சோறு போடும்.

"இனி எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். ஓரளவு உண்மை, பைத்தான் தெரியாமல் இத்துறையில் காலம் தள்ளுவது கடினம். ஆனால் 2021 அக்டோபர் 4-ஐ நினைத்துப் பாருங்கள். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் முகநூல் உலகம் முழுக்க ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கியது. அதைத் தடுத்திருக்க வேண்டிய மென்பொருளே பிழையால் கோட்டைவிட்டது. தொலைவிலிருந்து உள்ளே நுழைய வழியில்லாமல், பொறியாளர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. சரி, நம்மூரில் இதற்கு வேலை ஏது என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதே பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. விருதுநகர் மாவட்டத்தின் 450 ஊராட்சிகளும் அதில் அடக்கம். சாலை தோண்டும்போது இழை அறுந்தால், ஒட்டுவதற்கு ஆள் அங்கேயே போய் நின்றாக வேண்டும்.