அருவி மேல ஒரு வீடு... 7 இன்ச் சரிஞ்ச கதை!

சப்மிஷன் அன்னைக்குக் காலையில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட் எழுதுற ஆளா நீங்க? அப்படின்னா ஃப்ராங்க் லாயிட் ரைட் நம்ம கட்சி!

1934 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா காட்டுக்குள் ஓர் அருவியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் ஆர்க்கிடெக்ட் ரைட். 'அங்கே லீவுக்குத் தங்க ஒரு வீடு வேணும்'னு கேட்டவர் எட்கர் காஃப்மன், பிட்ஸ்பர்க்கில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி. ஒன்பது மாசம் ஓடிப்போச்சு, பிளான் வரலை. 1935 செப்டம்பரில் ஒருநாள், பிளானைப் பார்க்க வந்துட்டு இருக்கிறதா காஃப்மன் போன் பண்ண, ரைட் பென்சிலை எடுத்தார். கார் வந்து நிற்கிறதுக்குள்ள மொத்த வீடும் ரெடியாம்! சிஷ்யர்கள் சொன்ன கதை... கொஞ்சம் மசாலா இருக்கலாம். அந்த வீடுதான் ஃபாலிங்வாட்டர்.

செமஸ்டர் லீவில் பிட்ஸ்பர்க் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நம்ம ஊர்க்காரங்க அங்கே போனா முதல் விசிட், பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில்தான். புளியோதரையை முடிச்சுட்டு, "அடுத்து எங்கடா?"ன்னார் சித்தப்பா. சொன்னேன். "நூறு கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டி, டிக்கெட் வாங்கி, ஒரு வீட்டைப் பார்க்கணுமா?" நியாயமான கேள்விதான். ஆனா, நான் சிவில் ஸ்டூடன்ட் ஆச்சே!

நீங்க போறதா இருந்தா டிக்கெட்டை முன்னாடியே புக் பண்ணிடுங்க. மரங்களுக்கு நடுவே இறங்கிப் போறப்ப முதல்ல தண்ணிச் சத்தம்தான் வரும். அப்புறம் திடீர்னு வீடு. இழுத்துவிட்ட மேஜை டிராயர் மாதிரி, ஒண்ணுக்கு மேல ஒண்ணா கான்க்ரீட் மொட்டைமாடிகள். கீழே தூண் கிடையாது. ஓடை மட்டும்தான்!

உள்ளே போனா ஒரு ஷாக்... அருவி தெரியாது! ஏன்னா, நீங்க நிக்கறதே அருவிக்கு மேல. காஃப்மன் கேட்டது அருவியைப் பார்க்கிற மாதிரி வீடு. ரைட் கொடுத்தது அருவி மேலயே வீடு. ஹாலில் ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளினா, படிக்கட்டு நேரா தண்ணிக்கு இறங்குது. கணப்பு அடுப்புக்கு முன்னால, அந்த இடத்திலேயே இருந்த பாறையை வெட்டாம அப்படியே தரைக்கு மேல நீட்ட விட்டிருக்கார். சுத்தியிருக்கிற கல் தரைக்கு மட்டும் மெழுகுப் பளபளப்பு. ஓடைக்கு நடுவே காய்ஞ்ச பாறை தெரியுற எஃபெக்ட்! ஆறடி சித்தப்பாதான் பாவம், சில இடங்களில் தானாவே தலையைக் குனிஞ்சார்.

இப்போ நம்ம சப்ஜெக்ட். இந்த மாடிகள் எல்லாம் கேன்டிலீவர். உங்க வீட்டு பால்கனி மாதிரி, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம். ஹால் தளம் ஓடை மேல 15 அடி நீண்டு நிக்குது. இதில் மேல்பக்கம்தான் இழுவிசை, அதனால கம்பியும் மேல்பக்கம் வேணும். ஒவ்வொரு மெயின் பீமுக்கும் ரைட் டீம் கொடுத்தது 8 கம்பி. காஃப்மனுக்கு பயம். வேற இன்ஜினீயர்களிடம் டிராயிங்கைக் காட்டினார். அவங்க சத்தமில்லாம 16 கம்பியா ஆக்கிட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் ரைட் ஆடின ஆட்டம் இருக்கே! 'என் மேல நம்பிக்கை இல்லைன்னா எல்லாம் நாசமாப் போகட்டும்'ங்கற ரேஞ்சில் லெட்டரே எழுதிட்டார்.

முட்டுப் பலகையைப் பிரிச்சதுமே தளம் ஒண்ணேமுக்கால் இன்ச் இறங்கிச்சு. 1990-கள் வரைக்கும் இறங்கிட்டே போய், சில இடத்தில் 7 இன்ச்! அப்போ மணி அடிச்சது யார் தெரியுமா? நம்மள மாதிரி ஓர் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். மேல் மாடியைக் கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பி பத்தலைன்னு சொன்னார். அப்புறம் பெரிய இன்ஜினீயர்கள் வந்து பார்த்தா, தன் பாரத்தையே தாங்க முடியாத மேல்மாடி, ஜன்னல் இரும்புச் சட்டங்கள் வழியா கீழே ஹால் மேல சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு! 1997-ல் இரும்பு முட்டு கொடுத்தாங்க. 2002-ல் ஹால் தரைக் கல்லைப் பெயர்த்து, பீம் ஓரமா ஸ்டீல் கேபிள் ஓட்டி, ஜாக்கி வெச்சு இறுக்கினாங்க. 'போஸ்ட் டென்ஷனிங்'னு ஏழாவது செமஸ்டரில் வருமே, அதேதான். கல்லை எல்லாம் பழைய இடத்திலேயே பதிச்சுட்டாங்க. சரிவை நிறுத்தினாங்களே தவிர, நிமிர்த்தலை.

கூடவே மழை ஒழுகல் வேற. 'ஏழு பக்கெட் வீடு'ன்னு காஃப்மனே கிண்டல் அடிச்சாராம். ஆன செலவு சுமார் 1,55,000 டாலர், பட்ஜெட்டைப் போல பல மடங்கு! ஆனாலும் மனுஷர் விக்கலை. 1963-ல் அவர் மகன் இதை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தார். 2019-ல் யுனெஸ்கோ பட்டியல்!

எனக்கு ரைட் மேல கோபம்தான். 16 கம்பி போட்டே இந்தக் கதின்னா, 8-ஐ நம்பியிருந்தா வீடு ஓடையில் கிடந்திருக்கும். ஆனா, முதல்லயே எங்க கையில் கொடுத்திருந்தா? பாறை ஓரமா, நாலு தூண் வெச்சு, பத்திரமா ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருப்போம். யாரும் டிக்கெட் வாங்கி வந்திருக்க மாட்டாங்க. இதை ஒத்துக்கறதுக்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

வெளியே வந்து, ஓடைக்குக் கீழ்ப்பக்கம் எல்லாரும் போட்டோ எடுக்கிற ஸ்பாட். சித்தப்பாவை நிக்கவெச்சு கிளிக் பண்ணிக் காட்டினேன்.

"என்னடா, ஒரு பக்கமா சாயுது? கேமராவை நேரா பிடி!"

"கேமரா நேராத்தான் இருக்கு சித்தப்பா!"