கிள்ளாமல் விட்டது

தக்காளித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களை அவர்கள் விரல்களை வைத்தே சொல்லிவிடலாம். செடியின் தண்டிலும் இலையிலும் இருக்கும் நுண்மயிர்கள் ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றன. தொட்டதும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டும். கொஞ்ச நேரம் தொடர்ந்து வேலை செய்தால் கறுத்துப்போகும். சோப்புப் போட்டாலும் லேசில் விடாது. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்த பெண்கள் ஆளுக்கொரு வெடித்த பழத்தை எடுத்து உள்ளங்கையில் பிசைந்து தேய்த்தார்கள். புளிப்பு பட்டதும் கறை இளகி வழிந்தது. செடி வைத்த கறையைச் செடியின் பழத்தாலேயே கழுவும் இந்த உபாயம் எந்தத் தோட்டக்கலைக் கையேட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

சென்னையில் மாடித்தோட்டம் போடுபவர்களிடையே தக்காளிக்கென்று ஒரு வேதவாக்கு உலவுகிறது. பக்கக்கிளைகளை எல்லாம் கிள்ளு, ஒற்றைத் தண்டாக ஏற்று, காய் பெரிதாக வரும். வீடியோவில் இதைச் சொல்பவர் ஏதோ குளிர்நாட்டுக் கண்ணாடிக்குடிலில் நின்றுகொண்டிருப்பார். அல்லது அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நம்மூர் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருப்பார். இந்த வேலையையே கூலிக்கு, ஏக்கர் கணக்கில் செய்கிறவர்கள் எதைக் கிள்ளுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்க்கத்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போனேன்.

ஓசூரிலிருந்து தருமபுரி போகும் சாலையில் இருக்கிறது ராயக்கோட்டை. ஊருக்கு மேல் பாறைமலை. அதன்மேல் 1791இல், மூன்றாம் மைசூர்ப் போரில், கம்பெனிப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. இன்று வெளியூர் லாரிகள் இங்கே வருவது தக்காளிக்காக. மேட்டுப் பூமி, செம்மண், பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் இறங்கிவிடும் குளிர். தக்காளிக்கு அந்த இரவுக் குளிர்தான் முக்கியம். இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேலேயே நின்றுவிட்டால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். மே மாதத்தில் சென்னை மாடியில் தக்காளிப் பூ காம்போடு உதிர்வதற்கு உரத்தைக் குற்றம் சொல்வது வீண்.

நான் போனது குச்சி ஊன்றிக் கட்டிய தோட்டம். மேட்டுப்பாத்திகளின்மேல் மல்ச்சிங் ஷீட் விரித்திருந்தார்கள். வெள்ளி நிறப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே. மேலே பட்டுத் திரும்பும் ஒளியில் வெள்ளை ஈக்குத் திசை குழம்பும். இலைச்சுருள் நோயைச் செடிக்குச் செடி சுமப்பது அந்த ஈதான். கறுப்பின் அடியில் களை முளைக்காது. ஷீட்டுக்குள் சொட்டுநீர்க் குழாய். குழித்தட்டில், தென்னைநார்க் கழிவில் 25 நாள் வளர்ந்த நாற்றை ஓட்டை போட்டு நட்டிருந்தார்கள். வரிசைதோறும் தைலமரக் கம்பம், இடையிடையே சவுக்குக் குச்சி, மேலே கம்பி. வரிசையின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் கயிறுகளுக்கு நடுவே செடிகள் நிமிர்ந்து நின்றன.

விடிந்ததுமே பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவரும் மேஸ்திரி அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. தமிழில் தொடங்கித் தெலுங்கில் திட்டிவிட்டு மறுபடி தமிழுக்கு வருவார். முதல் காரியமாக எல்லோரையும் தொட்டியடிக்கு அனுப்பிக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். வெற்றிலை போடுபவர்கள் புகையிலையை மடியிலிருந்து எடுத்து வரப்பில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குச்சி அடிக்க வந்த ஆண்களில் பீடி பிடிப்பவர்கள் கம்பத்தைத் தொடலாம், செடியைத் தொடக்கூடாது. எனக்கு இது ஆசாரம் மாதிரித்தான் முதலில் தெரிந்தது.

“போயல தொட்ட கையோட தொட்டா செடி தேமல் விழுந்து நின்னுடும்மா,” என்றார்.

புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு கிடக்கும். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். கிள்ளும்போது ஏற்படும் சின்னக் காயமே அதற்கு வாசல். ஒரு செடியில் நுழைந்துவிட்டால், வரிசையில் அடுத்தடுத்துக் கிள்ளிக்கொண்டே போகும் விரல் அதைக் கடைசிச் செடிவரை கொண்டு சேர்த்துவிடும். கத்தரிக்கோல் அங்கே ஒருவரிடமும் இல்லை, அதற்கும் இதுதான் காரணம். இலைக்கும் தண்டுக்கும் இடையில், கக்கத்தில், விரல் நீளத்துக்குள் இருக்கும்போதே தளிரைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் சொடுக்கென்று முறிகிறது. கத்தி தொட வேண்டியதே இல்லை. சந்தேகப்படும்படி இலை சுருங்கியோ திட்டுத்திட்டாகவோ இருக்கும் செடியை விட்டுவிட்டுப் போய், கடைசியில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்து அதைப் பிடுங்குகிறாள். பனி காய்ந்த பிறகுதான் கிள்ளத் தொடங்குகிறார்கள். அதுவரை கயிறு வேலை. ஈரத்தில் உண்டாகும் காயம் சீக்கிரம் ஆறாது.

நானும் ஒரு வரிசையில் இறங்கினேன். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே தடித்து எழுந்திருந்த தளிர்மேல் விரலை வைத்ததும் மேஸ்திரி அம்மா கையைத் தட்டிவிட்டார்.

“அத விடும்மா. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் எடு. அது ராசா.”

இந்த ‘ராசா’வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தக்காளியின் நடுத்தண்டு என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரே தண்டு இல்லை. விதையிலிருந்து எழும் முதல் தண்டு எட்டுப் பத்து இலை விட்டதும் பூங்கொத்தாகி முடிந்துவிடுகிறது. அதற்கடுத்து, அந்தக் கொத்துக்கு நேர் கீழே உள்ள கக்கத்துத் தளிர் எழுந்து, பூங்கொத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே தண்டுபோல மேலே போகிறது. மூன்று இலை விட்டு அதுவும் பூவில் முடிய, அடுத்த தளிர் எழுகிறது. ஆக, நிமிர்ந்து நிற்கும் அந்தத் தண்டே ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுத்த பக்கக்கிளைகள்தான். பூங்கொத்துக்கு அருகில் இருக்கும் தளிருக்கு மற்றவற்றைவிட வேகம் அதிகம். இரண்டாவது தண்டாக விட வேண்டுமென்றால் அதைத்தான் விட வேண்டும். தாவரவியல் மாணவர்கள் படம் வரைந்து படிக்கும் சங்கதி, மேஸ்திரி அம்மாவின் விரல்நுனியில் இருக்கிறது.

எல்லா ரகத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயற்கையாகவே மாறிப்போன ஒரு தக்காளிச் செடி தென்பட்டது. பூங்கொத்துகளுக்கு இடையிலான இலைகள் குறைந்துகொண்டே வந்து, ஓர் உயரத்தில் வளர்ச்சி தானே நின்றுவிட்டது. உலகம் முழுக்க இன்று வயலில் விளையும் குட்டை ரகங்கள் பெரும்பாலானவை அந்த ஒரே மரபணு மாற்றத்தைச் சுமப்பவை. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகமும் குட்டைதான். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் மரபணு மாற்றம் தூண்டி எடுத்தது. தட்டை உருண்டை, காம்போரத்தில் பச்சைத் திட்டு, நல்ல புளிப்பு. ரசத்துக்கு அதை அடிக்க ஆளில்லை என்பது என் கட்சி. இந்த ரகத்தில் பக்கக்கிளையைக் கிள்ளுவது காயைக் கிள்ளுவதற்குச் சமம். அதன் விளைச்சல் முழுக்கக் கிளைகளில்தான் இருக்கிறது. மாடித்தோட்டக்காரர்கள் பலர் கையில் இருப்பது இந்த விதை; காதில் விழுந்திருப்பது நெடுங்கொடி ரகத்துக்கான உபதேசம்.

ராயக்கோட்டைத் தோட்டத்தில் இருந்தது உயரமாக ஏறும் ஒட்டுரகம். அதிலும் ஒற்றைத் தண்டு இல்லை, இரண்டு. சில செடிகளில் மூன்று. ஏன் இவ்வளவு தாராளம் என்று கேட்டேன். மேஸ்திரி அம்மா பதில் சொல்லவில்லை. வரிசையின் மேற்குக் கோடிக்குக் கூட்டிப்போய், புதிதாக வந்த பெண் ஒருத்தி முந்தைய முறை அளவுக்கு மீறி உருவிவிட்ட செடிகளைக் காட்டினார். காய்களின் ஒரு பக்கம் வெளுத்து, தோல் காகிதமாகி, உள்ளே குழிந்திருந்தது. பழுத்தவற்றிலும் தோள்பகுதி மஞ்சளாகவே நின்றுவிட்டது.

தக்காளியைச் சிவக்க வைக்கும் லைக்கோபீன் என்ற நிறமி 30, 32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமிக்கு அந்தத் தடை இல்லை. வெயில் நேராக விழும் காயின் மேல்தோல், சுற்றியுள்ள காற்றைவிட வெகு அதிகமாகச் சூடேறும். குளிர்நாட்டில் இலையைக் கழிப்பது வெயில் உள்ளே வரட்டும் என்று. இங்கே இலைதான் குடை. அந்தப் பெண்கள் கிள்ளும் வேகத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவது சுலபம். எனக்கு ஆச்சரியம், அந்த வேகத்திலும் ஒவ்வொரு கொத்துக்கு மேலும் ஓர் இலை மிஞ்சியிருக்கிறதா என்று கண் பார்த்துவிடுவதுதான். மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக விடுகிறார்கள்.

அடியில் மட்டும் தாட்சண்யம் கிடையாது. முதல் கொத்துக் காய் திரண்டதும் அதற்குக் கீழே உள்ள இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள். மண்ணில் கிடக்கும் கருகல் பூஞ்சை, மழைத்துளி தெறிக்கும்போது முதலில் ஏறுவது தரையைத் தொடும் இலைக்கு. வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அதுதான். ஒரே நாளில் இரண்டு மூன்று இலைக்கு மேல் ஒரு செடியிலிருந்து எடுப்பதில்லை. எடுத்தவற்றைப் பாத்தியில் போடாமல் முந்தானையில் கட்டி வெளியே கொண்டுபோகிறார்கள்.

கட்டு கட்டுவது இன்னொரு நுணுக்கம். கயிற்றைக் குச்சியில் இறுக்கி, நடுவே ஒரு முறுக்கு விட்டு, தண்டைச் சுற்றும்போது விரல் நுழையும் அளவுக்குத் தளர விட வேண்டும். கயிறு இலைக்காம்புக்குக் கீழே உட்கார வேண்டும், பூங்கொத்துக்குக் கீழே அல்ல. காய்ப் பாரம் ஏறியதும் கயிறு அறுப்பது கொத்தைத்தான். எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை இந்தச் சுற்று. கட்டிவிட்டுக் குச்சியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்கிறார்கள். பழக்கதோஷம் என்று நினைத்தேன். அப்படியில்லை. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒட்டிக் கூம்பாக இருக்கும், தூள் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். அதை உலுக்க உடம்பை அதிர வைக்கும் வண்டு வேண்டும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும் மரம் துளைக்கும் கருவண்டும் செய்யும். அவை எட்டிப்பார்க்காத மாடிகளில், காலையில் குச்சியைத் தட்டிவிடுவது நாம் செய்யக்கூடிய எளிய உதவி.

என் மாடிச் செடிகளைப் பற்றிச் சொன்னபோது மேஸ்திரி அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பையிலா, அதுவும் மாடியிலா? பிறகு கேள்விமேல் கேள்வி. எந்தப் பக்கம் வெயில், கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர் எத்தனை வேளை. காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது என்றேன். “தண்ணி ஒருநா விட்டு ஒருநா ஊத்துறியா?” என்றார். அது நோயில்லை, சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராத குறை. மண்ணில் சத்து இருந்தாலும் அதைச் சுமந்துபோக ஈரம் விட்டுவிட்டு வந்தால் நடக்காது. தோட்டத்தில் சொட்டுநீர் அதைப் பார்த்துக்கொள்கிறது. பையில், வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டு, கோடையில் காலையும் மாலையும் அளவாக ஊற்றுவதுதான் வழி. கிள்ளிய தளிரை எறிய வேண்டாம், ஈர மண்ணில் செருகு, வேர் விடும் என்றும் சொன்னார். தக்காளித் தண்டில் எங்கு வேண்டுமானாலும் வேர் பிடிக்கும். நாற்றைக் கழுத்துவரை புதைத்து நடுவதும் அதனால்தான்.

கூலியைப் பற்றிப் பேச்சு வந்தது. கம்பம் அடிக்கும் ஆணுக்குத் தருவதைவிடப் பெண்களுக்குக் குறைவு. கம்பத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கிள்ளத் தெரிந்த கைக்குத்தான் பஞ்சம் என்று தோட்டக்காரரே ஒப்புக்கொள்கிறார். சம்பளத்தை மட்டும் மாற்றுவதில்லை. அவரைக் கேட்டால் சந்தையைக் காட்டுகிறார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதே தக்காளி வேறு மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. விலை சரியும்போது மருந்தையும் உரத்தையும் அவர் குறைப்பதற்கு முன்பே நிற்பது இந்தப் பெண்களின் வேலை. பக்கத்து வயலில் அப்படி நிறுத்திய தோட்டம் இருந்தது. கட்டு இல்லாமல் செடிகள் கயிற்றைத் தாண்டிச் சரிந்து, கக்கமெல்லாம் தளிர் எழுந்து, வரிசையே தெரியாத புதராகியிருந்தது. உள்ளே பழம் இருந்தது, பறிக்கக் கை நுழையாது.

இங்கே அடுத்த கட்டு எப்போது என்று கேட்டேன். தோட்டக்காரர் மண்டியிலிருந்து போனில் சொல்லும் விலையைப் பொறுத்தது என்றார் மேஸ்திரி அம்மா. விலை நின்றால் திங்கட்கிழமை இதே வரிசைகள். இறங்கினால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சாமந்திப்பூ பறிக்கப் போகிறார். அங்கே இரண்டு வாரத்துக்கு வேலை பேசி வைத்திருக்கிறாராம்.