ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை

செவ்வாய், காலை

கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடை. மார்கழி முடியப் போகிறது. தை முகூர்த்தப் பத்திரிகைகள் அத்தனையும் கடையிலிருக்கும் ஒரே சிஸ்டத்தில். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. எட்டிப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்: “விண்டோஸ் போயிருக்கும். ஃபார்மட் போட்டா சரியாயிடும்.”

விண்டோஸ் இருப்பது ஹார்ட் டிஸ்கில். அது அடியோடு அழிந்திருந்தாலும் மதர்போர்டு கம்பெனியின் பெயரோ, ‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற ஒரு வரியோ திரையில் வந்திருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் வண்டி விண்டோஸ் வரைக்கும் போகவே இல்லை. ஆனாலும் நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து ஃபார்மட்தான்.

செவ்வாய், மதியம்

மெக்கானிக் வந்தார். மானிட்டர் கேபிளை மாற்றிச் சொருகிப் பார்த்துவிட்டுக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

“ஃபேன்தான் சுத்துதே தம்பி, அப்ப கரண்டு சரியாத்தானே வருது?” என்றார் கடைக்காரர்.

“ஃபேன் சுத்துறதுக்கு 12 வோல்ட் போதும்ணே. பிராசஸருக்கு அது போதாது.”

சுவிட்சை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்கள் நிலைப்படும்வரை பொறுத்திருந்து, சுமார் அரை விநாடிக்குள் ‘பவர் குட்’ என்ற சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அது கிடைத்த பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்குகிறது. பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் கட்டளைப்படி ராம், கிராபிக்ஸ் என்று வரிசையாகச் சோதிக்கிறது. ‘போஸ்ட்’ எனப்படும் சுயசோதனை இதுதான். பிராசஸருக்கான 12 வோல்ட் 4 பின் அல்லது 8 பின் கனெக்டரில் தனியாக வருகிறது. தூசி தட்டும்போது கழற்றிய அதை மறந்துவிட்டால் ஃபேன் ஜோராகச் சுற்றும், திரை இருட்டாகவே கிடக்கும். இங்கே அது சரியாகவே இருந்தது.

அடுத்து ரப்பர். ராமின் தங்கமுலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் சர்வீஸ் கடைகளின் தொன்றுதொட்ட வைத்தியம். பலன் தரும், பற்களில் படியும் அழுக்கு அதில் போய்விடும். ஆனால் பிரஷ்ஷால் துடைக்காமல் சொருகினால் ரப்பர் துகளே ஸ்லாட்டுக்குள் புது அடைப்பாகிவிடும். தேய்த்தார், துடைத்தார், சொருகினார். படம் வரவில்லை.

பிறகு அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். இப்போதைய கேபினட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் வருவதில்லை. போர்டு கத்தினாலும் கேட்காது. பையிலிருந்து ஒரு சின்ன பஸ்ஸரை எடுத்துப் போர்டில் மாட்டினார். ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்தார். விட்டுவிட்டு நீளமான பீப். கடைக்காரர் பதறினார், மெக்கானிக் சிரித்தார். ராம் இல்லை என்று புகார் சொல்லப் பிராசஸரும் போர்டும் உயிரோடு இருந்தாக வேண்டும். மிச்சம் ராமும் ஸ்லாட்டும்தான். ஒரு ராமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டதும் ஒரே ஒரு குட்டி பீப், திரையில் வெளிச்சம். அதே ராம் முதல் ஸ்லாட்டில் வேலை செய்யவில்லை. கெட்டது ஸ்லாட், ராம் அல்ல. புது ராம் வாங்கியிருந்தால் காசு தண்டம்.

புதன்

அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. விண்டோஸ் முத்திரை தலைகாட்டியதும் நீலத் திரை, பிறகு ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை. பிழை எண்ணின் கடைசியில் 7பி. பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரே குஷி: “நான் அப்பவே சொன்னேன்ல!”

மெக்கானிக் முதலில் உபுண்டு இருந்த பென்டிரைவில் சிஸ்டத்தை பூட் செய்து, பத்திரிகை ஃபைல்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்குக்கு ஏற்றினார். டிஸ்க் நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் பயாஸுக்குள் போனார். அங்கே தேதி பல வருஷம் பின்னால் நின்றது.

துப்பு அதுதான். போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு செல் ஒன்று இருக்கும். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலிருந்தே, மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தைக் காப்பது இப்படி ஒரு பேட்டரிதான். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் அதை நம்பியே இருக்கின்றன. இந்தக் கடையில் ராத்திரி பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவது வழக்கம். விடியும்வரை செல்தான் தாங்கியாக வேண்டும். மல்டிமீட்டர் வைத்தால் 2.3 வோல்ட். செல் தளர்ந்து அமைப்புகள் அழிந்ததில், ஹார்ட் டிஸ்கை அணுகும் முறை ஏஎச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்குத் திரும்பிவிட்டது. முதல் முறையில் நிறுவிய விண்டோஸுக்கு இரண்டாவதில் தன் டிஸ்கே தெரியாது. 7பி-க்கு அர்த்தம் அதுதான்.

செல்லை மாற்றி, ஏஎச்சிஐ-யைத் தேர்ந்து, தேதியைத் திருத்தினார். விண்டோஸ் ஒழுங்காக வந்தது.

ஃபார்மட் போட்டிருந்தாலும் வந்திருக்கும் என்பதுதான் இதில் விவகாரமே. ஐடிஇ-யிலேயே புதிதாக நிறுவிவிடலாம். வைத்தியம் பலித்ததாகப் பெயர் கிடைத்திருக்கும், பத்திரிகைகள் போயிருக்கும், தளர்ந்த செல் அப்படியே இருந்திருக்கும்.

உங்கள் சிஸ்டத்தை சர்வீஸுக்குத் தூக்கிப்போகும்போது ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்: திரையில் கடைசியாக என்ன வந்தது, பீப் கேட்டதா, தேதி சரியாக இருந்ததா. அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘ஃபைல் எடுக்காமல் ஃபார்மட் போடாதீர்கள்.’